மக்னோலியாவின் இந்தப் பக்கம்

"சோப்புத் தண்ணிய ஊத்தினது நீங்க இல்லைன்னா வேற யாரு? வானத்துலேருந்து நுரை வந்து விழுந்துச்சா?"

"இத்தனை வருஷமா இதே வாய்க்கால்லதான் என் தண்ணி போகுது. அப்பல்லாம் நல்லா இருந்த மரம் இப்ப மட்டும் எப்படி வாடும்? உன் சத்தம் தாங்காமதான் இலை கொட்டுது."

"என் சத்தத்தப் பத்திப் பேசாதீங்க அண்ணி."

"பேசுவேன். ரிட்டையர் ஆனா வாயும் சேர்ந்து ரிட்டையர் ஆகும்னு பார்த்தேன். அதுக்கு மட்டும் எக்ஸ்டென்ஷன் குடுத்துட்டாங்க போல."

தெருவில் ரொட்டி வாங்கப் புறப்பட்டவர்களுக்கெல்லாம் அந்த இடத்தில் வந்ததும் செருப்பில் ஏதோ கல் மாட்டிக்கொண்டது. குனிந்து எடுத்தார்கள். நிமிர மனம் வரவில்லை. பொதுவாக அந்த வளாகத்துச் சண்டை ரொட்டி ஆறுவதற்குள் முடிந்துவிடும். அன்றைக்கு முடிகிற மாதிரித் தெரியவில்லை.

சண்டை போட்டவர்களில் ஒருத்தி சலவைக்கார அக்கா. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து உலர்த்தித் தேய்த்துக் கொடுப்பது அவள் தொழில். ஈரத் துணி ஒன்றை முறுக்கிய வாக்கிலேயே கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதில் யாருடைய கழுத்தைப் பார்த்தாளோ. இன்னொருத்தி அவளுடைய தம்பி மனைவி. ஊர்ப் பேருந்தில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவள். கண்டக்டரம்மா என்றால்தான் தெரியும். கடைசி சீட்டில் தூங்குகிறவனை முன் வாசலிலிருந்தே எழுப்பின குரல் அது. அதற்கு ஒரு முற்றம் எம்மாத்திரம்?

"நல்லா அண்ணாந்து பாருங்க அண்ணி. உங்க பக்கம் கிண்ணம் கிண்ணமாப் பூத்திருக்கு. எங்க பக்கம் விளக்குமாத்துக் குச்சி மாதிரி நிக்குது. உரத்த உங்க பக்கம் போட்டு, விஷத்த எங்க பக்கம் விட்டா வேற எப்படி இருக்கும்?"

"ஒரே மரத்துல பாதிக்கு விருந்தும் பாதிக்கு விஷமும் வெக்கிற அளவுக்கு எனக்கு நேரம் இருந்தா, நான் ஏன் இன்னும் ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறேன்?"

அக்கா அந்தத் துணியைக் கொடியில் போட்டு, நான்கு முனையும் ஒன்றுபோல் வருகிறதா என்று இழுத்துப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கினாள். அவள் குரல் ஏறினால் பயமில்லை, இறங்கினால்தான் பயம்.

"சரிம்மா. இனிமே பேச்சு வேண்டாம். ஞாயித்துக்கிழமை டயர் கடைக்காரர் இடத்தப் பாக்க வர்றார். என் பாகத்த அவருக்கே குடுத்துட்டு நான் என் பொண்ணு ஊருக்குப் போறேன். மரத்துக்கு விஷம் வெச்சவள்னு பேர் வாங்கிட்டு இங்க இருந்து என்ன பண்ணப் போறேன்?"

இதையெல்லாம் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பூட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்குத் தம்பி, கண்டக்டரம்மாவுக்குக் கணவர், இரண்டு பேருக்கும் பயந்தவர். கையில் ஒரு சாவியை வைத்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். சத்தம் தொடங்கும்போது அது அலமாரிச் சாவி. முடியும்போது பல் குத்த ஆகும் போலிருந்தது.

அவருக்கு ஊரில் திறக்காத பூட்டில்லை. ஆனால் வாயைத் திறக்கச் சொன்னால் மட்டும் சரியான சாவியைத் தேடிக்கொண்டே இருப்பார்.

வளாகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எதிரெதிரே இரண்டு வீடு, நடுவில் ஒரு முற்றம், முற்றத்தின் நடுவில் அந்த மக்னோலியா மரம். அக்கா தம்பியின் அப்பா காலத்தில் வைத்தது. பாகம் பிரித்தபோது வீட்டையும் முற்றத்தையும் பிரித்தார்கள். மரத்தைப் பிரிக்க வழி தெரியாமல் விட்டுவிட்டார்கள். இரண்டு மாடி உயரம். இலை தோல் செருப்பு மாதிரி தடிமன். மேலே பளபளவென்று பச்சை, திருப்பினால் துருப்பிடித்த பழுப்பு. வருஷம் முழுக்க ஒன்றிரண்டாக உதிரும். தரையில் விழுந்தால் யாரோ கதவைத் தட்டின மாதிரி சத்தம் கேட்கும். பூ வெள்ளை வெளேரென்று சோற்றுக் கிண்ணம் அகலத்துக்கு விரியும். தொட்டால் போதும், தொட்ட இடம் பழுப்பாகிவிடும். யார் பறித்தார்கள் என்று விரல் அடையாளத்தை வைத்தே தெருவில் கண்டுபிடித்துவிடலாம். எலுமிச்சைத் தோலைக் கசக்கின மாதிரி ஒரு வாசனை. அக்கா கொடுக்கிற விரிப்புகளில் அது லேசாக ஒட்டியிருக்கும். நோயாளிகள் சீக்கிரம் வீட்டுக்குப் போக மனசில்லாமல் படுத்திருப்பதற்கு அதுதான் காரணம் என்று ஒரு நர்ஸ் சொன்னதாக அக்கா சொல்வாள். நர்ஸ் சொன்னாளோ இல்லையோ, அக்கா சொல்வாள்.

மரத்துக்கு வேர் ஆழத்தில் கிடையாது. மண்ணுக்கு மேலேயே தலையணை போட்டுக்கொண்டு படுத்திருக்கும். தடுக்கி விழாதவர் அந்த வளாகத்தில் இல்லை.

இந்த மரத்தடியில்தான் பூட்டுக்காரர் போன வருஷம் ஒரு பெஞ்சு கட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவிக்கென்று அவர் யோசித்துச் செய்த ஒரே காரியம் அது. பிறந்தநாள் என்றைக்கு என்று இன்னமும் அவருக்குக் குத்துமதிப்புதான். ஆனால் வாழ்நாள் முழுக்க ஓடுகிற வண்டியில் நின்றே சம்பாதித்தவள், முட்டி தேய்ந்து வீட்டுக்கு வருகிறாள், உட்கார ஓர் இடம் வேண்டாமா என்று எப்படியோ அவருக்குத் தோன்றிவிட்டது. அவளுடைய கடைசி வார டியூட்டியின்போது, அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, செங்கல் இறக்கி, தானே கட்டினார். மரத்தைச் சுற்றி முட்டி உயரத்துக்குச் சுவர், மேலே வழுவழுவென்று சிமெண்ட் பலகை. சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் வண்டி வண்டியாக மண் கொட்டி நிரப்பி, பூச்செடி நட்டார். அக்கா பக்கம் மட்டும் துணி உலர்த்தும் கம்பி குறுக்கே வந்ததால் கட்டவில்லை. மேலே இருந்து பார்த்தால் குதிரை லாடம் மாதிரி இருக்கும்.

வேலை முடிந்து கடைசி நாள் வீட்டுக்கு வந்த கண்டக்டரம்மா அதைப் பார்த்தாள். போய் உட்கார்ந்தாள். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து காலைத் தேநீர், வெங்காயம் உரிப்பது, போகிற வருகிறவர்களை விசாரிப்பது எல்லாம் அங்கேதான். ஒரு வருஷம் ஆனதும் அந்தப் பக்கத்து இலை மஞ்சளாயிற்று, பிறகு கொட்டிற்று, இந்தப் பூக்காலத்தில் மொட்டே இல்லை.

சண்டை நடந்த அன்று மத்தியானம், கண்டக்டரம்மா சந்தைக்குப் போனதும், பூட்டுக்காரர் பெஞ்சுக்குப் பக்கத்தில் குந்தினார். அவர் நட்ட பூச்செடியும் சோர்ந்திருந்தது. பிடுங்கினார். வந்த குழிக்குள் கையை விட்டு மரத்தை ஒட்டித் துழாவினார். மண் சொதசொதவென்றிருந்தது. மரப்பட்டை நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி விரலோடு வந்துவிட்டது. மோந்து பார்த்தார். மூடிக் கிடந்த கிணற்று வாசனை.

துருப்பிடித்த பூட்டுக்குள் ஊசியை விட்டுத் தடவினால் எங்கே சிக்கல் என்று விரலுக்கே தெரிந்துவிடும் அவருக்கு. இப்போதும் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருக்கத்தான் கொஞ்ச நேரம் முயற்சி செய்தார். ஆனால் அஸ்திவாரம் தோண்டும்போது குறுக்கே வந்த இரண்டு வேர்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொன்றும் அவர் தொடை பருமன். இவ்வளவு பெரிய மரத்துக்கு ரெண்டு வேர் போனால் என்ன என்று கோடாரியால் போட்டு, அடுப்புக்கு அனுப்பிவிட்டார். மிச்சத்தின் மேல் மண்ணைக் கொட்டி மூச்சை அடைத்தார். பெஞ்சு இல்லாத அக்கா பக்கத்தில் வேர் வெளியே கிடந்து காற்று வாங்கிக்கொண்டு, சோப்புத் தண்ணீரையும் சகித்துக்கொண்டு, கிண்ணம் கிண்ணமாகப் பூத்துக்கொண்டிருந்தது.

சொன்னால் பெஞ்சு போகும். சொல்லாவிட்டால் அக்கா போவாள். பின்னாலேயே மரமும் போகும், டயர் கடைக்காரர் டயர் அடுக்க இடம் தேடுகிறாரே ஒழிய நிழல் தேடவில்லை.

இந்த நிலைமையில் வேறு யாராக இருந்தாலும் இரண்டில் ஒன்றைச் செய்திருப்பார்கள். பூட்டுக்காரர் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். மண்ணைத் திருடுவது. பெஞ்சு அப்படியே இருக்கட்டும், உள்ளே இருக்கிற மண்ணை மட்டும் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டால் மரம் பிழைத்துக்கொள்ளும், பெஞ்சும் தங்கும், யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கண்டக்டரம்மா குளிக்கப் போகும்போதெல்லாம் கைக்கரண்டியால் அள்ளித் தன் கருவிப் பையில் போட்டுக்கொண்டார். வேலைக்குப் போகிற வழியில் பூங்காவில் கொட்டினார், காலி மனையில் கொட்டினார். பையின் கனத்தில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு நடப்பதைப் பார்த்துத் தெருவில் பேச்சு கிளம்பியது. லாட்டரி விழுந்திருக்கிறது என்றார் ரொட்டிக்கடைக்காரர். மாவு மில்லில் தனியாகக் கணக்கு வைத்திருக்கிறார் என்றாள் ஒருத்தி.

வெள்ளிக்கிழமை பல் டாக்டர் தன் கிளினிக்கைத் தானே வெளியே பூட்டி, சாவியை உள்ளே விட்டுவிட்டார். வாசலில் கன்னம் வீங்கிய கூட்டம். பூட்டுக்காரர் அவசரமாகப் போய் மண்டியிட்டு, பையைத் திறந்து கவிழ்த்தார். படிக்கட்டு முழுக்க ஈர மண். நடுவில் ஒரு புழு.

டாக்டர் குனிந்து புழுவைப் பார்த்தார். "என்னய்யா, கதவ நட்டு வளக்கப் போறீங்களா?"

பல் வலிக்காரர்கள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தாடையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் செய்தி பூட்டுக்காரர் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

கண்டக்டரம்மா சமையலறையில் சூப்புக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"பையக் குடுங்க."

கொடுத்தார். உள்ளே கை விட்டு, ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணை எடுத்து விரலில் தேய்த்தாள்.

"இது எந்த மண்ணு?"

"ரோட்டு மண்ணு."

"டிக்கெட் எடுத்துட்டேன், காத்துல பறந்துடுச்சுன்னு சொல்றவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இப்ப உங்க மூஞ்சி அப்படி இருக்கு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் சொன்னார். வேரை வெட்டினதிலிருந்து தொடங்கி, மண், அழுகின பட்டை, வாசனை வரை. சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. ஒரு வருஷத்துக்கான பேச்சை ஒரே தடவையில் பேசியிருந்தார்.

கண்டக்டரம்மா கேரட்டை நறுக்கி முடித்தாள். அடுத்ததாக முள்ளங்கியை எடுத்தாள். நறுக்கவில்லை.

"அப்ப அண்ணி ஒண்ணும் பண்ணல."

"ம்."

"நான் போன ஒரு மாசமா தெரு முழுக்க நின்னு சொல்லியிருக்கேன்."

"ம்."

"ம்னு சொல்லாதீங்க. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"சண்டை போட்ட அன்னிக்கு மத்தியானம்."

"நாலு நாளா வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ அதுல உக்காந்திருக்கறதப் பாக்க நல்லா இருந்துச்சு."

முப்பது வருஷம் பயணிகளுக்கு வாய்க்கு வாய் பதில் சொன்னவள் சூப்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். சாப்பிடும்போது இருவரும் இரண்டு டம்ளர் தண்ணீர் கூடக் குடித்தார்கள்.

சனிக்கிழமை முழுக்க அவள் பெஞ்சில் உட்காரவில்லை. அக்கா வீட்டுப் பக்கமும் போகவில்லை. மன்னிப்புக் கேட்பது அவளுக்குப் பழக்கமில்லாத ரூட். எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டயர் கடைக்காரர் அளவு நாடாவோடு வந்தார். நல்ல மனிதர்தான். மனைவி போய்ப் பல வருஷம். சட்டையில் எப்போதும் ஒரு பொத்தானாவது குறையும். அக்கா முற்றத்தைக் காட்டினாள். அவளிடம் துணி தேய்க்கிற பெண் அந்த நேரம் பார்த்து இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள், காற்று வாங்க. தெருவிலும் நிறையப் பேருக்குக் காற்று தேவைப்பட்டது.

"மரம் நடுவுலதானே நிக்குது," என்றார் டயர் கடைக்காரர். "பாதி பட்டுப் போச்சு. எடுத்துட்டா ரெண்டு பேருக்கும் இடம் கெடைக்கும்."

அக்காவும் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பூட்டுக்காரர் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். கையில் பெரிய சுத்தியல். பூட்டு வேலைக்கு அவ்வளவு பெரிய சுத்தியல் எதற்கு என்று யாரும் யோசிப்பதற்குள் பெஞ்சின் மூலையில் ஓர் அடி போட்டார். சிமெண்ட் பலகை கோணலாக விரிந்தது.

"டேய், என்னடா பண்ற?" என்றாள் அக்கா.

அவர் வாயைத் திறந்தார். சாவியைத் தேடினார். கிடைப்பதற்குள் கண்டக்டரம்மா பின்னாலிருந்து வந்துவிட்டாள்.

"நான்தான் இடிக்கச் சொன்னேன் அண்ணி. கட்டச் சொன்னதும் நான்தான். இதக் கட்டினதாலதான் மரம் வாடுது. வேர வெட்டணும், மண்ணு கொட்டணும், மரத்துக்கு ஆகாதுன்னு அவர் தலப்பாடா அடிச்சுக்கிட்டார். நான்தான் கேக்கல. எனக்கு உக்கார இடம் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். உங்க தண்ணி ஒண்ணும் பண்ணல."

பூட்டுக்காரர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். சொல்ல வந்ததை அவள் ஒரு பார்வையில் நிறுத்தினாள். டிக்கெட் இல்லாதவனை அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடுகிற பார்வை.

தெருவில் செருப்புக் கல் எடுத்தவர்கள் அப்படியே நின்றார்கள். கண்டக்டரம்மா தன் தப்பைத் தானே ஒத்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. அதுவும் குரலை உயர்த்தாமல்.

அக்கா தம்பியைப் பார்த்தாள், தம்பி மனைவியைப் பார்த்தாள். பெஞ்சு கட்டியபோது சிமெண்ட் குழைக்கத் தண்ணீர் கொடுத்ததே அவள்தான். "அவளுக்குத் தெரிய வேணாம்க்கா, சொல்லிடாத," என்று தம்பி சின்னப் பையன் மாதிரி கெஞ்சியதும், சிமெண்ட் காயும்வரை மூடி வைக்கப் பழைய விரிப்பு கேட்டதும் அவளிடம்தான். யார் சொல்லிக் கட்டியது, யார் சொல்லாமல் கட்டியது என்று அந்த முற்றத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

"நீ சொல்லித்தான் கட்டினானா?"

"ஆமா அண்ணி."

"ஒத்தக் கால்ல நின்னியா?"

"ஆமா."

"அந்த முட்டிய வெச்சுக்கிட்டா?"

அக்கா முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"சரி. செங்கல்ல எங்க அடுக்கணும், அதச் சொல்லு."

டயர் கடைக்காரருக்கு என்ன நடக்கிறது என்று கடைசிவரை புரியவில்லை. ஆனால் எல்லோரும் செங்கல் தூக்கும்போது அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்திருக்கும். அவரும் தூக்கினார். தேய்க்கிற பெண் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, சட்டையைப் பார்த்து, "இத யாரு தேச்சா? மாடு மென்ன மாதிரி இருக்கு," என்றாள்.

மண்ணை எடுப்பதுதான் பெரிய வேலை. மண்வெட்டி ஆகாது, மிச்ச வேரும் போய்விடும். கையாலும் பழைய துணி பிரஷ்ஷாலும் சுரண்டி, வேர் ஒவ்வொன்றும் முதுகு தெரிகிறவரை எடுத்தார்கள். அழுகின பட்டையைச் சுரண்டிக் காயவிட்டார்கள். பூட்டுக்காரர் ஏணி போட்டு, பட்டுப்போன கிளையை மட்டும், உயிர் இருக்கிற இடத்தை நகத்தால் கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து, அறுத்தார். உரம் போடலாமா என்று கண்டக்டரம்மா கேட்டதற்கு, "ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு யாராவது விருந்து வெப்பாங்களா?" என்றாள் அக்கா. அது மட்டும் நிச்சயமாக ஆஸ்பத்திரியில் கேட்டதுதான். உதிர்ந்த இலையைக் கூட்டி எரிப்பதை நிறுத்தி, வேருக்கு மேலே போர்வை மாதிரி பரப்பினார்கள். மரத்தின் அடியை மட்டும் ஒட்டாமல். கிளை எங்கே முடிகிறதோ அதற்கு நேர் கீழே, குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டுத் தண்ணீர். காலையில் யார் திறப்பது, யார் மூடுவது என்பதில் இரண்டு வீட்டுக்கும் புதிதாக ஒரு சண்டை உருவாயிற்று. ஆனால் அது ரொட்டி ஆறுவதற்குள் முடிகிற ரகம்.

டயர் கடைக்காரர் மரத்துக்குப் பக்கத்தில் இடம் கேட்பதை விட்டுவிட்டார். ஒரு நாள் தன் வண்டியில், உடைப்புக்கு வந்த பேருந்திலிருந்து கழற்றிய ஓர் இரட்டை சீட்டைக் கொண்டுவந்து இறக்கினார். இரும்புக்கால் நாலே நாலு. வேருக்கு நடுவில் இடம் பார்த்து வைத்தால் மரத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கண்டக்டரம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கீழே குனிந்து நம்பரைப் பார்த்தாள். "இது நம்ம மூணாம் நம்பர் வண்டியோடது. இதுல ஒரு நாள் உக்காந்ததில்ல நான்," என்றாள். உட்கார்ந்தாள். ஜன்னலோரம்.

அடுத்த வருஷம் இந்தப் பக்கத்தில் இலை மட்டும் வந்தது, சின்னச் சின்னதாக. அதற்கு அடுத்த வருஷமும் பூ இல்லை. மூன்றாவது வருஷம் ஒன்று பூத்தது. யாரும் தொடக் கூடாது என்று கண்டக்டரம்மா காவல் இருந்தாள். கடைசியில் அவளே தொட்டுவிட்டாள் என்று அக்கா சொன்னாள். பழுப்பு விரல் அடையாளம் இருந்தது என்னவோ உண்மை.

அந்த வருஷம்தான் அக்கா மகளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று போன் வந்தது. இப்போது கோபமில்லாமல், பாகத்தை விற்காமல், நிதானமாகப் பெட்டி கட்டினாள் அக்கா. பேருந்து நிலையத்தில் கண்டக்டரம்மா உள்ளே ஏறி, இளவட்டம் ஒருவனை எழுப்பிவிட்டு, அண்ணிக்கு இடம் பிடித்துக் கொடுத்து, பையை மேலே ஏற்றி, இறங்கினாள். இறங்கினவள் பழக்க தோஷத்தில் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்" என்றாள். டிரைவர் பழைய ஆள். அந்தக் குரலுக்கு எடுத்தே பழகினவர், எடுத்துவிட்டார். பூட்டுக்காரர் வழிக்கு வாங்கின ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இப்ப யாரு உன்ன ரைட் குடுக்கச் சொன்னது?" என்று கேட்டார். வீடு வரும்வரை அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள், தூசி என்றாள்.

சலவையை இப்போது தேய்க்கிற பெண்தான் நடத்துகிறாள். போன கோடையில் டயர் கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, அக்கா வீட்டுக்கே குடி வந்துவிட்டாள். அவர் சட்டையில் எல்லாப் பொத்தானும் இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த அக்கா நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அந்தத் தடவை கண்டக்டரம்மா பேருந்து நிலையத்துக்கே போகவில்லை, அங்கே தூசி அதிகம் என்று பூட்டுக்காரரைத்தான் அனுப்பினாள்.